தபசு காலத்துப் பிரஷர்

மாம்புரி
22.02.2015

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம் என்று எழுதினால் அது பாதி உண்மை. உடம்பு சுகம். மனம்தான் ஓரிடத்தில் இருக்க மாட்டேன் என்கிறது. பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தால் எழும்பிப் போய்க் கிணற்றடியைக் கூட்டுகிறேன். கூட்டும்போது திருத்தாத தாள் நினைவுக்கு வருகிறது.

விபூதிப் புதன் பூசையில் உங்கள் அக்கா அல்பொன்சா மச்சாளைக் கண்டேன். இந்தத் தபசு காலத்து நாற்பது நாளும் உங்கள் மீன்பிடி வாடிக்குப் பக்கத்துக் கோயிலில் நீங்கள் பசாம் பாட ஒத்துக்கொண்டதாகச் சொன்னார். சந்தோசம். போன வருடம் முழுக்க வாயே திறக்கவில்லை என்றார்களே. நம் ஆண்டவரின் பாடுகளை உங்களைப் போல இழுத்துப் பாட இங்கே இப்போது ஆள் இல்லை. புதிதாக அண்ணாவி என்று வந்தவர் கல்வாரி மலையில் ஓடி ஏறி ஓடி இறங்குகிறார்.

நீங்கள் பாடிப் பழகத் தொடங்கிய போன மாதமே மச்சாள் வழக்கம்போல ஒரு பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டாராம். அது வந்த ஜெனிஸ்டனின் மீன் லொறியில்தான் இந்தக் கடிதமும் வருகிறது. "போன் எடுத்துக் கதைக்கலாமே டீச்சர்" என்று அவன் சிரித்தான். என் குரல் கேட்டால் உங்களுக்குப் பிரஷர் ஏறும் என்று மச்சாள் போட்ட சட்டம் அவனுக்குத் தெரியாது. எழுத்துக்குச் சத்தம் இல்லை என்பதால் எழுத்துக்கு மட்டும் அனுமதி.

உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன். எழுதினாலாவது எங்கே பிழை விட்டேன் என்று பிடிபடுமா என்றுதான்.

நான்கு வருடத்துக்கு முந்திய தபசில் ஒரு பின்னேரம். சிஸ்டர்மாரின் இல்லத்தில் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது, மூன்று வயது, யுத்தத்தில் எல்லாரையும் இழந்தது, எடுத்து வளர்ப்போமா என்று கேட்டேன். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் பதில் சொல்லாமல் தலை இடிக்கிறது என்று படுத்தீர்கள். கிளினிக்கில் முதல்முறையாக அளந்தால் நூற்றுத் தொண்ணூறு. வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று அந்த டொக்டர் கேட்டார். அந்த ஞாயிறு கோயில் வாசலில் மச்சாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "டீச்சரம்மா வாயத் திறந்தா என்ர தம்பிக்கு இரத்தம் கொதிக்குது!"

பிறகு ஒவ்வொரு வருடமும் அதேதான். வைகாசிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரை வாடிக்குத் தொழிலுக்குப் போனால் பிரஷர் இறங்கும். ஒக்டோபரில் வீட்டுக்கு வந்து, தபசு பிறந்தால் ஏறும். ஊரே கூடிக் கணக்குப் போட்டு விடை கண்டது. விடை நான். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிற நானே அந்த விடையை நம்பினேன். கதவை ஓசையில்லாமல் சாத்தினேன், கறியில் உப்பைக் குறைத்தேன், பிள்ளைப் பேச்சை விட்டேன். அப்படியும் இரண்டு வருடத்துக்கு முன் வாடிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. கடல் கூடாத மாதங்களிலும் அங்கேயே களப்பில் இறால் பிடிக்கிறீர்கள். போன தபசில் உங்கள் பிரஷர் ஏறவே இல்லை என்று கேள்விப்பட்டபோது ஊர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். உங்கள் இரத்தத்தைக் கொதிக்க வைப்பது நான்தானா?

உங்கள்
சுதா


நாயாறு வாடி
07.03.2015

அன்புள்ள சுதா,

உன் கடிதம் ஐஸ் தண்ணீரில் ஊறி வந்தது. எழுத்து ஓடாத இடங்களை வாசித்தேன்.

பசாம் தொடங்கிவிட்டது. கோயில் கொள்ளாத சனம். இங்கே ஆளைப் பறிகொடுக்காத வீடு ஒன்றுகூட இல்லை. மாதா மகனைத் தேடி வரும் இடத்தைப் பாடினால் பெண்கள் எழும்பி வெளியே போய்விடுகிறார்கள். எனக்கு அடுத்த அடி வருகிறதில்லை. எங்கள் ஊரில் இந்தப் பாட்டை நான் சும்மா பாடியிருக்கிறேன் போல.

எழுத வந்தது வேறு. பிரஷர் திரும்பவும் ஏறிவிட்டது. போன கிழமை வள்ளம் தள்ளப் போய், கால் இரண்டும் சத்து விட்டு மணலில் குந்திவிட்டேன். பொடியள் சிரித்தார்கள். "அண்ணாவி தபசிலயும் போட்டுட்டார் டோய்!" என்றான் ஒருத்தன். கள்ளு மணமாவது பட்டிருந்தால் பரவாயில்லை.

அக்காவுக்குப் போனில் சொன்னேன். "அவளின்ர கடிதம் வந்ததோ?" என்றாள். ஓம் என்றேன். "அப்ப வேற என்னத்தத் தேடுறாய்?" என்றாள். எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. ஆனால் ஒன்று, சுதா. உன் கடிதம் வர முந்தியே என் கால் வீங்கியிருந்தது. நீயோ இங்கே இல்லை. அதை அக்காவிடம் சொல்லவில்லை.

முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு இளம் டொக்டர் பிள்ளை. மூன்று குளிசைக்கும் அடங்காத பிரஷர் என்ன பிரஷர் என்று அவ இரத்தம் எடுத்துப் பார்த்தா. பொட்டாசியம் நல்லாகக் குறைந்திருக்காம். அதனால்தான் காலில் சத்தில்லையாம். "நாட்டு மருந்து ஏதும் குடிக்கிறீங்களா ஐயா?" என்று கேட்டா. இல்லை என்றேன். சிறுநீரகத்துக்கு மேலே ஒரு சுரப்பி இருக்காம், அதில் சின்னக் கட்டி ஒன்று இருக்கலாமாம். திரும்ப இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறா.

கட்டி என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்குதில்லை. நீ இதைத்தானே படிப்பிக்கிறாய். எனக்கு விளங்குகிற மாதிரி எழுது.

தோமஸ்


மாம்புரி
10.03.2015

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். பிறகு நடந்தபடி வாசித்தேன். ஜெனிஸ்டன் ஐஸ் ஏற்றி முடிக்க முன்னம் எழுதுகிறேன்.

பயப்படாமல் கேளுங்கள். புத்தளத்து உப்பளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரை எவ்வளவு உள்ளே விடுவது, எவ்வளவு வெளியே விடுவது என்பது மதகுக்காரன் கையில் இருக்கிறது. உடம்பில் அந்த மதகுக்காரன் சிறுநீரகம். ஆனால் அவன் தன் எண்ணத்துக்கு வேலை செய்வதில்லை. உடம்பில் இரத்தமோ உப்போ குறைந்தால் சிறுநீரகம் றெனின் என்று ஒன்றை இரத்தத்தில் விடும். அந்தச் செய்தி கைமாறிக் கைமாறி, சிறுநீரகத்தின் மேலே தொப்பி மாதிரி இருக்கும் அதிரீனல் சுரப்பிக்குப் போகும். அது அல்டோஸ்தெரோன் என்ற ஓமோனைச் சுரக்கும். அந்த ஓமோன் கொண்டுவருவது ஒரே கட்டளைதான்: உப்பை வெளியே விடாதே. உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும். குழாய்கள் நிரம்பும், அழுத்தம் ஏறும், கால் வீங்கும். உப்பைப் பிடித்து வைப்பதற்கு மாற்றாகப் பொட்டாசியம் சிறுநீரோடு வெளியே போகும். அது போனால் தசைக்குச் சத்து இல்லை.

சுரப்பியில் கட்டி இருந்தால், யாரும் கேட்காமலே அந்தக் கட்டளை போய்க்கொண்டே இருக்கும். அது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, பரவாத கட்டி. வெட்டி எடுத்தால் பிரஷர் இறங்கும்.

இனி எழுதப் போவதை மச்சாளுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். நேற்றுக் கோயிலில் முழங்காலில் நின்று, உங்களுக்கு அந்தக் கட்டி இருக்க வேண்டும் என்று மன்றாடினேன். இருந்தால், அது என் வாயிலிருந்து வந்தது அல்ல. வீட்டுச் சண்டையில் முளைப்பதும் அல்ல. ஒரு மனிசி தன் புருசனுக்குக் கட்டி கேட்டு மன்றாடுகிறாளே என்று பிறகு எனக்கே பட்டது. எழும்பி வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கட்டி என்றால் அது வருடம் முழுக்க வேலை செய்ய வேண்டும். வாடிக் காலத்தில் உங்கள் பிரஷர் ஏன் இறங்கியது? கட்டிக்குத் தபசு காலம் தெரியுமா?

முடிவு வந்த உடனே எழுதுங்கள்.

உங்கள்
சுதா


நாயாறு வாடி
26.03.2015

அன்புள்ள சுதா,

முடிவு வந்தது. கட்டி இல்லை. நீ எழுதிய இரண்டும், அந்த றெனினும் மற்றதும், என் இரத்தத்தில் இல்லாத அளவுக்குக் குறைவாம். டொக்டர் பிள்ளை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "ஐயா, கட்டளை போடுற ஆள் நல்ல நித்திரை. ஆனா கீழ வேலை நடந்துகொண்டிருக்கு. ஆர் செய்விக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்ல" என்றா. கொழும்பில் தன் பெரிய டொக்டரைக் கேட்டுச் சொல்லுவாவாம். பொட்டாசியம் பாணி தந்திருக்கிறா. வாயில் வைக்க ஏலாது.

அக்காவிடம் சொன்னேன். "ஆர் செய்விக்கிறது எண்டு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்" என்றாள். டொக்டருக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும் வரை பாட வேண்டும். குரல் இப்போதே கரகரக்கிறது. நல்ல காலம், முதல் பொட்டலத்து அதிமதுரம் முடிய அக்கா இன்னொன்று அனுப்பிவிட்டாள். விடியத் தொடங்கிப் படுக்கிற வரைக்கும் ஒரு துண்டு கடைவாயில் இருக்கிறது. அவித்த தண்ணீரும் குடிக்கிறேன். அது இல்லையென்றால் இந்தத் தபசு பாடியிருக்க மாட்டேன்.

சுதா, பாஸ்கா முடியும் வரை எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. ஒருவேளை அக்கா சொல்வது சரியாக இருந்தால்? இந்த ஒரு கிழமையும் எனக்கு வேண்டும்.

தோமஸ்


மாம்புரி
28.03.2015

அத்தான்,

எழுத வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். வாயில் இருப்பதை முதலில் துப்பிவிடுங்கள். பிறகு வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் அதிமதுரம் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. பாடிய வருடங்களில் எல்லாம் பிரஷர் ஏறியது. பாடாத ஒரே வருடம் போன வருடம், அப்போது ஏறவில்லை. நாங்கள் எல்லாரும் வீட்டையும் வாடியையும்தான் பார்த்தோம். உங்கள் வாய்க்குள் யாரும் பார்க்கவில்லை.

பாடசாலைக் கணினி அறையில் தேடி வாசித்தேன். கட்டளை போடும் ஓமோன் நித்திரைதான், டொக்டர் சொன்னது சரி. ஆனால் இரத்தத்தில் கோட்டிசோல் என்று இன்னொரு ஓமோன் எந்நேரமும் இருக்கிறது. அதுவும் சிறுநீரகத்தின் அதே பூட்டைத் திறக்கக்கூடிய சாவிதான். அது திறக்காமல் இருப்பதற்காகச் சிறுநீரகத்தில் ஒரு காவல் உண்டு. கோட்டிசோல் கிட்ட வந்தால் அந்தக் காவல் அதை மாற்றிச் செல்லாத சாவியாக்கிவிடும். அதிமதுரத்தில் உள்ள இனிப்பு அந்தக் காவலைக் கட்டிப் போடுகிறது. ஒரு நாள், இரண்டு நாள் சாப்பிட்டால் ஒன்றும் இல்லை. கிழமைக்கணக்கில் தின்றால் கோட்டிசோல் தாராளமாக உள்ளே போய் "உப்பை விடாதே" என்கிறது. உப்பு நிற்கிறது, பொட்டாசியம் போகிறது, றெனினும் அல்டோஸ்தெரோனும் வேலையில்லாமல் படுத்துவிடுகின்றன. உங்கள் இரத்தத் தாளில் இருப்பது அப்படியே இதுதான்.

நாட்டு மருந்து குடிக்கிறீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றீர்கள். என்னைக் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எங்களுக்கு அது மருந்தா? வெள்ளை வேட்டி மாதிரி, குத்துவிளக்கு மாதிரி, பசாமுக்கு வேண்டிய ஒரு சாமான். நானே ஒவ்வொரு தபசிலும் காலையில் ஒரு போத்தல் அவித்துத் தந்தேனே.

கற்பிட்டியில் முத்தலிபு நானாவின் கடைக்கும் போனேன். மச்சாள் வாங்குவது அதிமதுரம்தானா, வேறு ஏதும் கலந்ததா என்று அறியத்தான். "சுத்தச் சரக்கு டீச்சர், கலப்படம் எங்கட கடையில இல்ல" என்றார். "நோம்பு வந்தா எனக்குப் பேரீச்சம்பழ யாவாரம், உங்கட தபசு வந்தா அதிமதுர யாவாரம். அல்லாஹ் ரெண்டு பக்கத்தாலயும் தாறான்."

இந்தக் கடிதத்தை அப்படியே டொக்டரிடம் காட்டுங்கள். அவர் இல்லை என்று சொன்னால் நான் வாயை மூடிக்கொள்கிறேன். பெரிய வெள்ளிக்குக் குரல் போனால் போகட்டும். ஆண்டவர் கோபிக்க மாட்டார். பொட்டாசியம் இன்னும் குறைந்தால் இருதயம் தாங்காது, அத்தான்.

சுதா


நாயாறு வாடி
17.05.2015

அன்புள்ள சுதா,

சுணங்கி எழுதுவதற்குக் காரணம், எல்லாம் பார்த்து முடித்து எழுதலாம் என்றுதான்.

உன் கடிதத்தை டொக்டர் பிள்ளையிடம் கொடுத்தேன். பாதி வாசித்ததும் மேசையில் அடித்தா. "உங்கட மனிசி ஆர் ஐயா?" என்றா. டீச்சர் என்றேன். கொழும்புப் பெரிய டொக்டரும் அதே நாள், ஆள் அதிமதுரம் தின்றாரா என்றுதான் கேட்டாராம்.

அதிமதுரத்தைக் கடலில் போட்டேன். பெரிய வெள்ளி பாடினேன். ஆண்டவர் மூன்றாம் முறை விழும் இடத்தில் என் குரலும் விழுந்தது. காற்றுத்தான் வந்தது. பிறகு பின்னுக்கு இருந்த ஒரு மனிசி, அந்த ஊர்க்காரி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினா. சனம் எல்லாம் சேர்ந்து பாடி முடித்தது. நான் சும்மா நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்று கிழமையில் கால் வீக்கம் வற்றியது. போன வாரம் பிரஷர் நூற்று முப்பது. பொட்டாசியம் சரி. இரண்டு குளிசையை நிறுத்திவிட்டா, மற்றதையும் பார்த்து நிறுத்தலாமாம்.

ஆகவே இனிப் பிரச்சினை இல்லை. எல்லாம் முடிந்தது. ஒக்டோபரில் மற்றவர்களோடு நானும் வருகிறேன். வீட்டைத் துப்புரவாக்கி வை. அக்காவுக்கும் விளங்கப்படுத்தினேன். அவ கொஞ்சம் மனத்தாங்கல். நீ போய் ஒரு சொல் கதை.

தோமஸ்


மாம்புரி
26.07.2015

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமானதற்கு ஆண்டவருக்கு நன்றி. அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஏனென்றால் பிறகு எழுதப் போவதில் அது தெரியாமல் போகலாம். இந்தக் கடிதத்தை நானும் சுணக்கித்தான் எழுதுகிறேன். பல முறை எழுதிக் கிழித்தேன்.

மச்சாளிடம் நான் போகவில்லை. அவரே கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அவிச்சுக் குடுத்தது ஆரு? நீதானே?"

"ஓம் மச்சாள், நான்தான்."

"பாத்தியா! அப்பவும் நான் சொன்னது சரிதான். உன்ர கைதான்!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான்கு வருடமாகத் தலை குனிந்து கடந்த அதே வாசலில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். "டீச்சரம்மாவுக்குப் பகிடியாக்கும்" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

இனி உங்களுக்கு. வீட்டைத் துப்புரவாக்கி வை என்கிறீர்கள். நீங்கள் இல்லாத இரண்டு வருடமும் வீடு துப்புரவாகத்தான் இருந்தது. எல்லாம் முடிந்தது என்கிறீர்கள். உங்கள் சிறுநீரகத்துக்கு முடிந்தது. எனக்கு இப்போதுதான் தொடங்குகிறது. இனி நான் உங்களோடு சண்டை பிடிக்கலாம். உங்கள் பிரஷர் தாங்கும் என்று டொக்டரே சொல்லிவிட்டார்.

நான்கு வருடமாக என் வீட்டில் நான் கள்ளி மாதிரி நடந்தேன். என் அப்பா செத்தபோதுகூட உங்கள் முன்னால் சத்தமாக அழவில்லை. ஒரு நாளாவது "இது உன்னால் இல்லை, சுதா" என்று நீங்கள் சொன்னதில்லை. தெரியாததால் சொல்லவில்லை என்பீர்கள். தெரிந்த பிறகும், போன கடிதத்திலும், சொல்லவில்லை. திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பின்னேரம் நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். உங்கள் இரத்தம் பதில் சொன்னது, எல்லாரும் அதையே பதிலாக எடுத்துக்கொண்டோம். அந்த இரத்தத்துக்கு அந்தக் கேள்வியே தெரியாது என்று இப்போது தெரிகிறது. அப்படியென்றால் உங்கள் பதில் எங்கே?

இல்லத்துக்குப் போய் விசாரித்தேன். அந்தப் பிள்ளையை வவுனியாவில் ஒரு குடும்பம் எடுத்துக்கொண்டதாம். இப்போது ஏழு வயது. நல்லாக இருக்கிறாளாம். "நீங்க திரும்பி வருவீங்க எண்டு கொஞ்ச நாள் பாத்தோம்" என்றார் சிஸ்டர்.

அங்கே ஒன்பது வயதில் இன்னொருத்தி இருக்கிறாள். பாடசாலை விடுமுறைக்கு மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொந்தக்காரர் வருகிறார்கள். அவளுக்கு வர யாரும் இல்லை. தத்து எடுப்பதென்றால் உங்கள் கையெழுத்தும் வேண்டும். விடுமுறைக்கு அழைத்து வர என் கையெழுத்துப் போதும். போட்டுவிட்டேன். வருகிற சனிக்கிழமை வருகிறாள். தலவிலக் கோயில் திருநாளுக்கு அவளைக் கூட்டிப் போகப் போகிறேன்.

உங்களைக் கேட்கவில்லை, அத்தான். சொல்கிறேன். கேட்டுவிட்டு நான்கு வருடம் இருந்து பார்த்தேன். ஒக்டோபரில் வருவதா இல்லையா என்பதை இதை வாசித்த பிறகு முடிவு செய்யுங்கள். பிரஷர் குறைந்ததற்காக மட்டும் என்றால் வர வேண்டாம்.

சுதர்சினி


நாயாறு வாடி
04.08.2015

சுதா,

கடிதத்தை வாசித்துவிட்டுக் கரையில் போய் இருந்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிரஷர் பார்த்தேன். நூற்று முப்பதுதான். ஏறியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நீ கேட்டதற்குப் பதில். அன்றைக்கு எனக்குப் பயமாக இருந்தது. இன்னொருவர் பெற்ற பிள்ளை அப்பா என்று கூப்பிட்டால் எனக்கு மனம் ஒட்டுமோ, ஒட்டாதோ என்ற பயம். அதை உன்னிடம் சொல்ல வெட்கம். தலையிடி வந்தது, நல்லதாகப் போச்சு என்று படுத்துவிட்டேன். நீதான் காரணம் என்று அக்கா சொன்னபோது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உன்னால் இல்லை, சுதா. டொக்டர் சொல்ல முந்தியே எனக்கு அது கொஞ்சம் தெரியும்.

நேற்று அக்காவுக்குப் போன் எடுத்தேன். சுதாவைப் பற்றிக் கோயில் வாசலில் சொன்னதை, அதே வாசலில் நின்று, அதே சத்தத்தில் பிழை என்று சொல்லு என்றேன். வைத்துவிட்டாள். திரும்பவும் எடுப்பேன்.

ஒக்டோபர் கதையை விடு. நீ வா என்றால் வருவேன். இந்த ஞாயிறு பூசை முடிய உனக்குப் போன் எடுக்கிறேன். பிடிக்க வேண்டிய சண்டையைப் பிடி, நான் வைக்க மாட்டேன். எல்லாம் ஏசி முடிந்த பிறகு போனைப் பிள்ளையிடம் ஒருக்கால் கொடு. நாளைக்கு ஜெனிஸ்டனிடம் ஒட்டி மீன் கொஞ்சம் அனுப்புகிறேன், முள் கூடின மீன். அவளுக்கு முள் எடுக்கத் தெரியுமோ என்று கேட்க வேண்டும்.

தோமஸ்